தட்டுக்காரர் தலையில் கங்கு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைத் தட்டு வரும்போது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டுதான் போடுவார்கள். கங்கு ஒருத்தர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து போடுவார். நோட்டு போட மாட்டார், நாணயம்தான். அதையும் கையை முகத்துக்கு நேராகத் தூக்கி அங்கேயிருந்து விடுவார். தட்டு பித்தளைத் தட்டு. 'டணார்' என்று சர்ச் முழுக்கக் கேட்கும். தட்டை ஏந்தி நிற்கிற ஆள் கண்ணைச் சிமிட்டுவார். அந்தச் சிமிட்டலைப் பார்த்துவிட்டால் போதும், கங்குவுக்கு அன்றைக்கு மத்தியானம் நல்ல பசி எடுக்கும்.

"ஏங்க, சாமிக்குப் போடுறீங்களா, அவர் மேல எறியுறீங்களா?" என்று வீட்டுக்கு வரும் வழியில் அவர் மனைவி கேட்பாள்.

"தட்டுலதானே விழுது?"

"விழுறது தட்டுல. குறி எங்கேன்னு எனக்குத் தெரியாதா?"

தட்டு ஏந்துகிறவருக்கு ஊரில் பேரே தட்டுக்காரர்தான். சபையில் பெரிய மனுஷர். கடைத்தெரு முனையில் இருக்கிற பெரிய ரொட்டிக்கடை அவருடையது. வழுக்கைத் தலை, வெள்ளைச் சட்டை, குரல் உயராத பேச்சு. வெளியூர்க்காரர் யாராவது அவரைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். கங்குவுக்கு அவரைப் பார்த்தால் என்ன தோன்றும் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

கங்குவுக்கும் ரொட்டிக்கடைதான். அதே தெருவின் மறு கோடியில், தானே செங்கல் அடுக்கிக் கட்டிய அடுப்போடு ஒரு சின்னக் கடை. வாசலில் பலகை: 'கங்கு ரொட்டிக்கடை'. அந்தப் பேர் அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் இல்லை. திட்டி வைத்த பேர். திட்டினதையே பெரிய எழுத்தில் எழுதி, தட்டுக்காரர் தினமும் நடந்துபோகிற பாதையில் மாட்டி வைத்துக்கொண்டவர் அவர்.

அந்தப் பேர் வந்த கதை இதுதான்.

வாலிபத்தில் இரண்டு பேரும் அந்தப் பெரிய கடையில்தான் வேலை பார்த்தார்கள். அப்போது முதலாளி வேறு. செங்கல் அடுப்பில் ரொட்டி சுடுவது எப்படியென்றால், முதலில் அடுப்புக்குள்ளேயே விறகைப் போட்டு எரிப்பார்கள். செங்கல் நன்றாகச் சூடேறியதும் உள்ளே கிடக்கிற நெருப்புக் கங்கையெல்லாம் நீளக் கரண்டியால் வாரி ஓர் இரும்புத் தொட்டியில் போடுவார்கள். ஈரச் சாக்கால் தரையைத் துடைத்துவிட்டு ரொட்டியை உள்ளே தள்ளுவார்கள். கங்குத் தொட்டியை உடனே பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதை ஒரு நிமிஷம்கூடக் கடைக்குள் வைக்கக் கூடாது. ரொட்டிக்கடைக்காரன் எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டான்.

அன்றைக்கு நல்ல மழை. கங்கை வாரிப் போட்டவர் இவர். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனது தட்டுக்காரர். மழையில் நனைய அவருக்குச் சோம்பல். மாவு மூட்டை அடுக்கிய அறையில் ஓரமாக வைத்துவிட்டு வந்து, பீடி பற்ற வைத்துக்கொண்டார். சாக்கில் தீப் பிடித்தது. கூரை பிடித்தது. ஆளுக்குச் சேதமில்லை, மாவும் கூரையும்தான் போயிற்று.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டு வந்து, "கங்க அள்ளினது யாருடா?" என்று கேட்டார்.

தட்டுக்காரர் விரலை நீட்டினார். "அவன்தான் முதலாளி அள்ளினான்."

அது பொய்கூட இல்லை. அதுதான் கொடுமை. அள்ளினது இவர்தானே. இவருக்கு அப்போதே நாக்கு கொஞ்சம் திக்கும். "அ... அள்ளினது நான்தான், ஆனா..." என்று ஆரம்பித்தார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

வேலை போனது. 'கங்கு' என்ற பேர் வந்தது. இதெல்லாம்கூடப் போகட்டும். அவர் அப்பா தச்சர், சர்ச்சில் மணி அடிக்கிறவர். மகன் செய்த நஷ்டத்துக்கு அப்பன் பொறுப்பு என்று, வேலை இல்லாத நாளெல்லாம் அந்தக் கடைக்குப் போய்க் கூலி வாங்காமல் கூரை போட்டுக் கொடுத்தார். மகன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான் செய்யலப்பா" என்று சொன்னபோது, அப்பா அவர் தலையைத் தடவினார்.

"விடுடா. மனுஷன்னா கை தவறத்தான் செய்யும். நான் உன்னை மன்னிச்சு ரொம்ப நாளாச்சு."

செய்யாத தப்புக்கு மன்னிப்பு. அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்? திருப்பிக் கொடுக்கவும் முடியாது, விழுங்கவும் முடியாது. மகனை மன்னித்த நிம்மதியோடு அப்பா கண்ணை மூடினார். கங்குவுக்கு அன்றிலிருந்து வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. தட்டுக்காரர் வாயிலிருந்து 'நான்தான்' என்ற வார்த்தை வர வேண்டும். சந்து பொந்தில் வந்தால் போதாது. அப்பா மணியடித்த அந்தச் சர்ச்சில், எல்லோர் காதும் கேட்க வர வேண்டும்.

அதற்காகத்தான் ஒரு ஞாயிறு விடாமல் ஆராதனைக்குப் போனார். ஊரார் பக்தி என்று நினைத்தார்கள்.

மகள் பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகிப் போனாள். பெரிய கடை முதலாளி வயசாகி, நம்பிக்கையான ஆள் என்று தட்டுக்காரருக்கே கடையை விற்றுவிட்டுப் போனார். காசு மட்டும் வாராவாரம் 'டணார்' என்று விழுந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் ஒரு ஞாயிறு போதகர் ஒரு பிரசங்கம் செய்தார். பகையாளிக்குப் பசித்தால் சோறு கொடு, தாகத்துக்குத் தண்ணீர் கொடு, அப்படிச் செய்தால் அவன் தலையில் நெருப்புக் கங்கை அள்ளிக் குவிக்கிற மாதிரி என்று வேதத்தில் இருக்கிறது என்றார். அதுவரை ரொட்டி மாவின் புளிப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த கங்கு சடாரென்று நிமிர்ந்தார்.

வேறு யார் கேட்டிருந்தாலும் அது ஒரு உவமை என்று போயிருப்பார்கள். ரொட்டி சுடுகிறவனுக்குக் கங்கு உவமை இல்லை. கங்கு என்றால் என்ன சூடு, எவ்வளவு நேரம் தாங்கும், எத்தனை அள்ளு போட்டால் எது கருகும் என்பது அவர் கைக்குத் தெரியும். இத்தனை வருஷம் நாணயத்தை வீசி வீண் பண்ணிவிட்டோமே என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. வழி இதோ இருக்கிறது. அதுவும் வேதத்திலேயே இருக்கிறது!

ஆராதனை முடிந்ததும் போதகரை வாசலில் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, அந்தக் கங்கு, அது சுட ஆரம்பிக்க எவ்வளவு நாளாகும்?"

"எந்தக் கங்கு?"

"பகையாளி தலையில வைக்கிறது."

போதகர் இளம் வயசுக்காரர். இவ்வளவு கவனமாகப் பிரசங்கம் கேட்கிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. "அது நாம எவ்வளவு மனசாரக் குடுக்கிறோம்கிறதப் பொறுத்ததுங்க" என்றார்.

"அப்போ நிறையக் குடுக்கணும்."

"நிறைய."

"நிறுத்தாமக் குடுக்கணும்."

"நிறுத்தாம!" போதகருக்குக் கண் கலங்கிவிட்டது.

கடவுள் கங்குவின் பக்கம் இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மாசமே தட்டுக்காரர் மாவுக் கிடங்குப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டிலுக்கு வந்தார், கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. கடையில் வேலைக்காரர்கள் கல்லாவைப் பார்த்தார்களே தவிர அடுப்பைப் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தராக நழுவினார்கள். ஒரு நாள் அடுப்பு அணைந்தே போனது. பெரிய கடை அடுப்பு அணைந்தது என்று தெருவே பேசிக்கொண்டது.

கங்கு தன் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியில் நல்லதாகப் பார்த்து ஒன்றைத் துணியில் சுற்றினார்.

"யாருக்குங்க?" என்றாள் மனைவி.

"தட்டுக்காரனுக்கு."

அவள் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு அவர் கண்ணைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. "ரொட்டி குடுக்கப் போறீங்களா, கொள்ளி வைக்கப் போறீங்களா?"

"வேதத்துல சொன்னதத்தான் செய்யறேன்."

"வேதத்துல உங்களுக்குன்னு பாத்து எழுதி வச்சிருக்காங்க பாருங்க!"

தட்டுக்காரர் வீட்டு மாடி அறையில் கட்டில், ஜன்னல், சுவரில் ஒரு சிலுவை, மருந்து வாடை. தட்டுக்காரர் வீட்டம்மா இவரைப் பார்த்ததும் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "அண்ணே, நீங்களா?" என்றாள். கங்கு ரொட்டியைப் பிட்டு, வெண்ணெய் தடவி, படுத்திருந்தவர் கையில் கொடுத்தார். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்த வழுக்கைத் தலையையே பார்த்தார்.

தட்டுக்காரர் நிதானமாக மென்றார். "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குடா."

தலை சும்மா பளபளத்தது. புகை ஒன்றும் வரவில்லை.

ஒரு அள்ளு போதாது என்று கங்கு முடிவு செய்தார். அடுப்புகூட முதல் கட்டைக்கே சூடாகுமா?

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். காலை வியாபாரம் முடிந்ததும் நேராக அங்கேதான். ரொட்டியோடு சூப், சூப்போடு பழம். ஆஸ்பத்திரிக்கு மறுபடி போக வேண்டி வந்தபோது, கடைக்குப் புது மாவு மெஷின் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினார். தட்டுக்காரர் வீட்டம்மா கைகூப்பி அழுதாள். இவர் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவர் பணம் கட்டின சீட்டை வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, "டாக்டர் நல்ல ஆளுடா, கை லேசு" என்றார்.

"உனக்கு வேற ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டே விட்டார் கங்கு.

"தோணுது."

கங்கு முன்னால் சாய்ந்தார்.

"ஜன்னலச் சாத்து. குளிருது."

வீட்டுக்கு வந்து மாவைப் பிசைந்தார். பிசைந்தார் என்று சொல்லக்கூடாது, அறைந்தார். அன்றைக்கு ரொட்டி பஞ்சு மாதிரி வந்தது. வாங்கினவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெரிய கடை அடுப்பை யாராவது ஏற்றாவிட்டால் வாடிக்கைக்காரர்கள் போய்விடுவார்கள், அந்தக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். ஊரில் இன்னொரு ரொட்டிக்கடைக்காரன் என்றால் கங்குதான். சும்மா இருந்தாலே போதும், எல்லா வியாபாரமும் தானாக இவர் மடியில் விழும். மனைவியும் அதைத்தான் சொன்னாள். "பழி வாங்கணும்னா இதவிட லேசா ஒரு வழி இருக்கா? கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

"அது அவன் வயித்துல அடிக்கிறது. எனக்கு அவன் வயிறு வேண்டாம், தலை வேணும்."

அணைந்துபோன அடுப்பை ஏற்ற, ரொட்டிக்கடைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தீக்குச்சி கிழிக்க மாட்டார்கள். எரிகிற இன்னொரு அடுப்பிலிருந்து ஓர் அள்ளு கங்கு கொண்டுவந்து போட்டுத்தான் மூட்டுவார்கள். அப்போதுதான் அடுப்பு ராசியாக இருக்கும் என்று பேச்சு. கங்கு தன் அடுப்பிலிருந்து இரும்புச் சட்டியில் கங்கை எடுத்துக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்கப் பெரிய கடை வரைக்கும் நடந்தார். சட்டியின் சூடு முகத்தில் அடித்தது. பேர் பொருத்தம் பார்த்துத் தெருவே சிரித்தது.

அந்தக் கடைக்குள் அவர் வாலிபத்தில் கால் வைத்தது, அப்புறம் இப்போதுதான். மாவு அறைக்குள் போனார். வெள்ளை அடித்திருந்தார்கள். ஆனால் கீழே மூலையில் சுண்ணாம்பு உரிந்த இடத்தில் செங்கல் இன்னும் கருப்பாகத்தான் இருந்தது. அண்ணாந்து பார்த்தார். கூரையில் அப்பா அடித்த ஆணிகள், ஒன்று பிசகாமல் வரிசையாக. அவர் அங்கேயே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். எழுந்ததும் சட்டியில் இருந்த கங்கை அந்த அடுப்பில் கொட்டினார். விறகு பற்றியது. "எரி" என்று சொன்னார். அடுப்பிடம்தான் சொன்னாரா என்பது அவருக்கே தெரியாது.

அதற்கப்புறம் விடியுமுன் தன் கடை, மத்தியானம் அந்தக் கடை. விற்ற காசை அப்படியே தட்டுக்காரர் வீட்டம்மா மடியில் கொட்டுவார். தனக்கென்று ஒரு பன்கூட எடுக்க மாட்டார்.

கெட்டதெல்லாம் இதற்கு மேல்தான் நடந்தது. சபையில் இவரைப் பார்த்து மற்றவர்கள் கெட்டுப்போனார்கள். தையல்காரி ஒருத்தி, "கங்கு அண்ணனே செய்யறாரு, நமக்கென்ன" என்று ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு உறை தைத்துக் கொடுத்தாள். வண்டி ஓட்டுகிறவர் ஒருத்தர் வாரத்தில் ஒரு நாள் நோயாளிகளைக் காசு வாங்காமல் ஏற்றி இறக்கினார். யார் வீட்டிலாவது ஆள் படுத்த படுக்கை என்று கேள்விப்பட்டால் வாசலில் முறை போட்டுக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். காணிக்கைத் தட்டில் சில்லறை குறைந்து நோட்டு விழுந்தது. போதகர் பிரசங்கத்துக்குப் பிரசங்கம் கங்குவை இழுத்தார். "நம்ம நடுவுல ஒரு சகோதரர் இருக்கார்..." என்று ஆரம்பித்தால் எல்லோர் தலையும் திரும்பும். கங்கு பெஞ்சுக்கடியில் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வார்.

அவருக்கு வேண்டியது ஒருத்தன் தலை. கிடைத்ததோ ஊர்ப் பாராட்டு.

"ரெண்டு கடை வேலை பாத்துத் தேஞ்சு போயிட்டீங்க" என்றாள் மனைவி. "அவரப் போய்ப் பாத்தேன். நல்லா உப்பிட்டாரு. கன்னமெல்லாம் பன்னு மாதிரி."

"எரியுதான்னு பாத்தியா?"

"எரியுது. உங்க காசு."

இந்த நேரத்தில்தான் மகள் வீட்டிலிருந்து சேதி வந்தது. பேரன்!

கங்கு மாவுக் கையோடு ஓடினார். துணிக்குள் சிவப்பாக, சுருக்கம் சுருக்கமாக, அப்போதுதான் பிசைந்து உருட்டி வைத்த மாவு மாதிரி ஒரு ஆள். கொட்டாவி விட்டான். அவ்வளவு சின்ன வாயில் அவ்வளவு பெரிய கொட்டாவியை அவர் பார்த்ததே இல்லை. அவர் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றான். "அப்பா, கையக் கழுவிட்டுத் தொடுங்கப்பா" என்று மகள் கத்தினாள். யார் காதில் விழுந்தது? உச்சந்தலையில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். பால் வாடை. ரொட்டி வெந்த வாசனையைவிட நல்ல வாசனை உலகத்தில் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மூக்கு எங்க அப்பா மூக்கு" என்றார்.

"நெத்தியும்தான்" என்றாள் மகள்.

அப்பா என்றதும் பழைய முள் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றியது. இந்தப் பயல் பெரியவனாவான். 'தாத்தா, உங்களுக்கு ஏன் அந்தப் பேரு' என்று ஒரு நாள் கேட்பான். என்ன சொல்வது? தீ வைத்த கங்கு என்றா?

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் நல்லது நடந்தால், காணிக்கைத் தட்டு தன் பெஞ்சுக்கு வரும்போது எழுந்து நின்று, எதற்காக நன்றி செலுத்துகிறோம் என்று நாலு வார்த்தை எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டுப் போட வேண்டும். கங்கு அதுவரை ஒருமுறைகூட எழுந்ததில்லை, நாக்குத் திக்கும் என்று. இப்போது எழுந்திருக்க முடிவு செய்தார். பேரனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். செய்ததையெல்லாம் சொல்வார், ரொட்டியிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும். யாருக்குச் செய்தேன் என்று சொல்வார். அந்த ஆள் எனக்கும் என் அப்பாவுக்கும் என்ன செய்தான் என்று கடைசியில் சொல்வார். அதுதான் கடைசி அள்ளு. வாங்கித் தின்ற மனுஷன் அதற்குமேலும் 'நான் இல்லை' என்று சொல்ல முடியுமா? மாவு பிசையும்போதெல்லாம் திக்காமல் வர வேண்டும் என்று அதையே சொல்லிப் பார்த்தார். மாவுக்கு முழுக் கதையும் மனப்பாடம்.

தட்டுக்காரர் இதற்குள் கைத்தடி ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். கங்கு அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். "வர்ற ஞாயித்துக்கிழமை பேரனுக்கு நன்றிக் காணிக்கை. நீ வரணும். தட்டு நீதான் ஏந்தணும்."

"இன்னும் கால் சரியா நிக்கலடா."

"நிக்கும். நான் போட்ட தீனிக்கு நிக்கும்."

தட்டுக்காரர் தடியைச் சுவரில் சாய்த்தார். "உங்கப்பா மணி அடிச்சிட்டு வந்து உக்காருவாரே, அந்தப் பெஞ்சுலதானே உக்காருவ?"

"அதே பெஞ்சுதான்."

"சரி. வர்றேன்."

ஞாயிறு வந்தது. சர்ச்சில் இடமில்லை. பேரன் வெள்ளைத் துணியில் தூங்கிக்கொண்டிருந்தான். தட்டுக்காரர் ஒரு கையில் தடி, ஒரு கையில் தட்டு என்று மெல்ல மெல்ல வந்தார். எத்தனையோ நாளைக்கப்புறம் அவரைத் தட்டோடு பார்த்த சந்தோஷத்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் அவர் தோளைத் தொட்டார்கள். கங்குவின் பெஞ்சுக்கு வந்து நின்றார். கங்கு எழுந்தார். இடது கையில் பேரன், வலது கையில் காணிக்கை உறை. தொண்டையைச் செருமினார்.

"எ... எனக்கு..."

நாக்கு மடங்கிக்கொண்டது.

"அவன் சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் தட்டுக்காரர்.

குரல் உயராத மனுஷன், அன்றைக்கும் உயரவில்லை. ஆனால் அவ்வளவு அமைதியில் யாருக்கும் கேட்காமல் போகவில்லை.

"பெரிய கடை தீப்பிடிச்சது வயசானவங்களுக்கு ஞாபகமிருக்கும். கங்குத் தொட்டிய மாவு ரூம்ல கொண்டுபோய் வச்சது நான்தான். மழைக்குச் சோம்பல்பட்டு வச்சேன். விரல நீட்டிக் காட்டினது இவன. இவங்க அப்பா கூரைக்கு ஆணி அடிச்சாரு. நான் கீழே நின்னு எடுத்துக் குடுத்தேன். அப்பக்கூடச் சொல்லல. இந்தத் தட்டு ஏந்துறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. இவன் மேல தப்பில்ல. நான்தான்."

சொல்லிவிட்டுத் தட்டைப் பெஞ்சு ஓரத்தில் வைத்தார். தடியை ஊன்றிக்கொண்டு வந்த வழியே வாசலுக்குப் போனார். தடி தரையில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எல்லோரும் கங்குவைப் பார்த்தார்கள். காலமெல்லாம் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அப்பா உட்கார்ந்த பெஞ்சு. ஊர்க் காது. எல்லாம் கேட்டபடியே கிடைத்துவிட்டது. ஆனால் கங்குவுக்கு உச்சந்தலை கொதித்தது. இத்தனை மாசமாக அள்ளி அள்ளிப் போட்டாரே, அவ்வளவும் இப்போது இவர் தலையில் வந்து கொட்டினமாதிரி காதெல்லாம் சூடு. இவர் கொடுத்தது ரொட்டியும் காசும்தான். கடையில் நாளைக்கு மறுபடி ரொட்டி சுட்டுக்கொள்ளலாம். அவன் கொடுத்தது அவனிடம் மிச்சமிருந்த ஒரே மரியாதை. அதையும் இவர் கேட்காமலே, இவர் வாயைத் திறக்கவிடாமலே கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பாவி! இதிலும் முந்திக்கொண்டான்!

"பே... பேரன் பொறந்திருக்கான்" என்றார் கங்கு. வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நல்லாப் பால் குடிக்கிறான்." உட்கார்ந்துவிட்டார்.

மனைவி விலாவில் இடித்தாள். "உறைய யார் போடுவா? கையிலயே வச்சிருக்கீங்க."

கங்கு பேரனை அவள் மடியில் வைத்தார். பெஞ்சு ஓரத்தில் இருந்த தட்டை, அதில் கிடந்த காசோடு தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். போதகர் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே வந்தார். படியில் தட்டுக்காரர் தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழுக்கைத் தலையெல்லாம் வேர்வை, முத்து முத்தாக.

கங்கு அந்தத் தலையைப் பார்த்தார். "சுட்டுச்சா?"

"மொதல் நாள்லேர்ந்து" என்றார் தட்டுக்காரர். "நீ ஸ்டூலப் போட்டுத் தலையையே பாத்துக்கிட்டு உக்காந்தியே, அப்பவே தெரியும் எதுக்கு வந்திருக்கன்னு. அந்தப் பிரசங்கத்துக்கு நானும்தானே இருந்தேன்."

"தெரிஞ்சுமா தின்ன?"

"பசிடா."

கங்குவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. விடவில்லை. பல்லைக் கடித்தார். "எங்கப்பா இது தெரியாமலே செத்துப் போனாரு. உன்னால நான் மன்னிப்பு வாங்கின பய. இத நீ இன்னைக்குச் சொல்லிட்டா நான் விட்டுடுவேன்னு நெனைக்காத."

"நெனைக்கல."

"எந்திரி."

"எதுக்கு?"

"தட்ட ஏந்து. பாதி பெஞ்சுக்குப் போகவே இல்ல."

"அதான் சொன்னேனே, எனக்கு யோக்கியதை..."

"உன் யோக்கியதைய எவன் கேட்டான்? இத்தனை வருஷமா நீ புடிச்ச தட்டுலதான் போட்டிருக்கேன். வேற எவன் தட்டுலயும் எனக்குப் போடத் தெரியாது." போதகர் பக்கம் திரும்பினார். "ஐயா, இவன் ஏந்தலைன்னா எங்கிட்டேர்ந்து சர்ச்சுக்கு ஒரு காசு வராது. ஆமா, சொல்லிட்டேன்."

போதகர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இதற்கு வேதத்தில் எங்கே வசனம் தேடுவது என்று தெரியாத முகம். மெல்லத் தலையை ஆட்டினார்.

தட்டுக்காரர் எழுந்தார். கங்கு ஒரு கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. தட்டைக் கையில் திணித்தார். உறையை அதில் வைத்தார். அது சத்தமில்லாமல் விழுந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. சட்டைப் பையைத் துழாவி ஒரு நாணயத்தை எடுத்தார். கையை முகத்துக்கு நேராகத் தூக்கினார்.

'டணார்.'

தட்டுக்காரர் கண்ணைச் சிமிட்டினார்.

"நாளைக்கு ரொட்டி வருமாடா?"

"வரும். கருகினதாப் பாத்து எடுத்துட்டு வர்றேன்."

"கருகினாலும் பரவால்ல" என்றார் தட்டுக்காரர், தடியை ஊன்றி உள்ளே திரும்பியபடி. "உப்பக் கொறை."